காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 58 வயது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், பாக்டீரியாவால் வந்த லேசான நிமோனியா என்று கூறி, 5 நாள்களுக்கு அமாக்ஸிசிலின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது; ஆனால் சளியும் இருமலும் குறையவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா, அல்லது மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா?

பதில்: மாத்திரையை இப்போது நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொன்ன 5 நாள்களும் வேளை தவறாமல் கொடுங்கள். காய்ச்சல் விட்டது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். நிமோனியாவில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்பிவிடுகின்றன. மருந்து கிருமியை அழிக்குமே தவிர, அங்கே தேங்கிய கசடை உடல்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு இருமல் தேவை. ஆகவே இருமலை அடக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இருமல் முற்றிலும் அடங்க 6 வாரங்கள் வரைகூட ஆகலாம். அசதி அதற்குப் பிறகும் சில மாதங்கள் நீடிப்பதுண்டு.

இருமலைவிட மூச்சைக் கவனிப்பதே முக்கியம் என்று அழுத்திச் சொல்வேன். அவர் பத்து நிமிடம் படுத்து ஓய்வெடுத்த பின், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதை அவரிடம் சொல்லாதீர்கள், தெரிந்தால் மூச்சின் வேகம் தானாகவே மாறிவிடும். 12 முதல் 20 வரை இயல்பு. அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 30-ஐத் தொட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச்சில் குழப்பம், உதடு நீலம் பாரித்தல், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். வீட்டில் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருந்தால், அளவு 94 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 92-க்குக் கீழே போனால் அவசரம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணி இருந்தாலோ அளவு தவறாகக் காட்டக்கூடும் என்பதால், விரலைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் பாருங்கள்.

விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால், நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடையில் கேட்டு 'இன்னும் கொஞ்சம் பவரான' மாத்திரை வாங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படி அடிக்கடி கைக்கு வரும் லீவோஃப்ளாக்சசின், காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியது; உள்ளே காசநோய் இருந்தால் அது தற்காலிகமாகத் தணிந்து, கண்டறிவது தாமதமாகிவிடும். நிமோனியாவுக்குப் பின் இருமல் நீள்வது இயல்புதான் என்றாலும், நம் நாட்டில் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவர்கள் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

தண்ணீர், கஞ்சி, ரசம் என்று நீர்ச்சத்து குறையாமல் கொடுங்கள். நாள் முழுதும் படுத்தே இருக்காமல், வீட்டுக்குள் சிறிது நடக்கட்டும்.

எக்ஸ்ரேயை அடுத்த வாரமே மீண்டும் எடுப்பதில் பயனில்லை. அவர் நன்றாக இருந்தாலும் படத்தில் நிமோனியாவின் நிழல் அப்படியேதான் தெரியும், நீங்கள் வீணாகப் பயப்படுவீர்கள். அவர் 50 வயதைக் கடந்தவர் என்பதால் 6 வாரம் கழித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். புகைப்பழக்கம் உள்ளவர் என்றால் கட்டாயம். அந்த நிழல் கலையவில்லை என்றால், அதன் பின்னால் கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.