செஞ்சு ஓட்டுற ஸ்போர்ட்ஸ் காருக்கு இனி காலம் இருக்கா?

கேள்வி: ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நானே செய்யலாம்னு சேஸி (அடிச்சட்டம்) டிராயிங் வரைக்கும் போட்டுட்டேன். பெட்ரோல் வண்டியே போகப்போற காலத்துல இது எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க. பெட்ரோலா, எலக்ட்ரிக்கா?

பதில்: வீட்ல பயப்படுறது பெட்ரோலுக்கு. நான் பயப்படுறது வயரிங்குக்கு!

1957-ல லோட்டஸ் செவன்னு ரெண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வந்தப்போ, லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் அதை கிட்டாவும், அதாவது வாங்கறவரே வீட்ல பூட்டிக்கற பாகங்களாவும் வித்தாரு, ஏன்னா பிரிட்டன்ல முழு காருக்கு இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் கிட்டுக்கு கிடையாது. வண்டியே சுமார் 500 கிலோதான். அந்தக் காலத்து இன்ஜினை எதுல இருந்து கழட்டினாலும் பெட்ரோல், காத்து, ஸ்பார்க் மூணும் குடுத்தா ஓடிடும், இன்னிக்கு அப்படி இல்லீங்க. இடிபட்ட புது கார்ல இருந்து இன்ஜினை மட்டும் தூக்கிட்டு வந்த நண்பர் ஒருத்தர் சாவி போட்டாரு, ஸ்டார்ட் ஆச்சு, ஒரு செகண்ட்ல ஆஃப். திரும்ப போட்டாரு, திரும்ப ஆஃப். மூணு நாள் ஃபியூயல் பம்பையே திட்டிட்டு இருந்தாரு, கடைசில பாத்தா இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி சிப் இல்லேன்னா இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு! அதோட சாவி சிப் ஸ்க்ராப் ஆன பாடியோட போயிடுச்சு. அதனால எடுத்தா சாவி, ஈசியு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்), ஆக்ஸிலேட்டர் பெடல், வயரிங் முழுசையும் ஒண்ணா எடுங்க, வயரை வெட்டவே வெட்டாதீங்க. இல்லேன்னா ஆரம்பத்துலேயே தனி ஈசியு போட்டுடுங்க, செலவுதான் ஆனா தலைவலி கம்மி.

எலக்ட்ரிக்னா எடைதான் பிரச்சனை. நிசான் லீஃப்னு ஒரு எலக்ட்ரிக் கார், அதோட முதல் மாடல் மோட்டார் 80 கிலோவாட், செவன் மாதிரி வண்டிக்கு தாராளம். ஆனா அதோட 24 கிலோவாட் அவர் பேட்டரி பேக் கிட்டத்தட்ட 300 கிலோ, அதாவது செவனோட மொத்த எடையில பாதிக்கு மேல. உள்ள 48 மாட்யூல் (சின்னச் சின்ன பேட்டரி கட்டு) இருக்கு, பாதியை கழட்டிடலாமேன்னு தோணும், ஆனா வரிசையா கோத்தது பாதியாச்சுன்னா வோல்டேஜும் பாதியாயிடும், ஆர்பிஎம் ஏற ஏற இழுவை செத்துடும். அப்புறம் அது 350 வோல்ட்டுக்கு மேல இருக்கற டிசி, பேக்கோட இணைப்பை நடுவுல துண்டிக்கற சர்வீஸ் பிளக்கை எடுத்துட்டு, டிசியை மோட்டாருக்கு ஏசியா மாத்தற இன்வெர்ட்டரோட கெப்பாசிட்டர்ல தேங்கின சார்ஜ் இறங்கற வரைக்கும் காத்திருந்து, மீட்டர் வச்சு பாத்துட்டுதான் கை வைக்கணும். இதுல மட்டும் துணிச்சல் வேணாம்.

என்னைக் கேட்டா முதல் வண்டிக்கு பழைய பெட்ரோல் இன்ஜின். ஆனா பெயிண்ட் அடிச்சப்புறம் இல்ல, வெல்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்ட்ரேஷன்ல எந்த வருஷத்து புகை விதி பொருந்தும்னு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

கேள்வி: கார் தானே ஓடற காலம் வந்துட்டா ஓட்டற சுகமே போயிடுமா?

பதில்: ஆபீஸ் டிராஃபிக்ல அது ஓட்டட்டுமே, நமக்கென்ன. கூரை இல்லாம, பவர் ஸ்டீயரிங் இல்லாம, முட்டி டேஷ்போர்டுல இடிக்க உக்காந்து போற வண்டியை யாரும் ஊர் போய் சேரவா செய்யறாங்க?