மாதம் முழுக்க டியூஷன், கையில் மட்டும் பணம் நிற்பதில்லை

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறேன். ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு வகுப்புகளாக. மூன்று பேர் ஒன்பதாம் வகுப்பு; அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற இருவரும் என்னிடம் வருகிறார்கள். ஆனாலும் கையில் எதுவும் நிற்பதில்லை. இரண்டு வீடுகளில் பணம் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா? மிச்சப்படுவதைப் பங்குச்சந்தையில் போடவா, கல்விக் கடனைக் கட்டவா?

பதில்: ஆள் சேர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் உங்கள் நேரத்தை எண்ணுவோம்.

வாரம் பத்து மணி நேரம்தான் பாடம் எடுப்பதாக நினைக்கிறீர்கள். மூன்று வீடுகளுக்கு இரண்டு முறை போய்வர, ஒரு நடைக்கு 40 நிமிடம் என்றாலும் 4 மணி நேரம் ஆகிவிடுகிறது. பாடம் தயார் செய்ய 3 மணி நேரம். தேர்வுத்தாள் திருத்த ஒரு மணி நேரம். அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு "அக்கா, இந்தக் கணக்கு வரவே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்குப் பதில் சொல்ல 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20. நீங்கள் வாங்குவதாக நினைக்கும் மணிக்கணக்குச் சம்பளத்தில் உண்மையில் பாதிதான் கிடைக்கிறது. இதே முறையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் உங்கள் சொந்தப் படிப்புதான் அடிவாங்கும். அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த மூன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உங்களிடம் வரச் சொல்லுங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். பெற்றோர் சம்மதிக்க அதுவே போதுமான காரணம். ஒரு மணி நேரக் கட்டணத்தை 1 என்று வைத்தால், இப்போது வாரம் 10 வருகிறது, புது ஏற்பாட்டில் 8 வரும். வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, சரி. ஆனால் வேலை நேரம் 20-லிருந்து 12 ஆகிறது. அந்த எட்டு மணி நேரத்தை உங்கள் செமஸ்டர் தேர்வுக்குக் கொடுங்கள். நான்காவதாக ஒரு பிள்ளை அதே குழுவில் சேர்ந்தால் வருமானம் 9-ஐத் தாண்டிவிடும். ஆள் சேர்ப்பதென்றால் அப்படிச் சேருங்கள்.

கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்: "வணக்கம்மா, அடுத்த மாதத்திலிருந்து கட்டணத்தை முதல் வாரத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பிள்ளை வர முடியாத நாளுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் வேறு நாளில் வகுப்பு எடுத்துவிடுவேன்." விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். நீங்கள் கேட்பது வேலைக்கான கூலி.

டியூஷன் வருமானம் பன்னிரண்டு மாதமும் வராது. ஆண்டுத் தேர்வு முடிந்தால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும் என்றால், பணம் வந்த அன்றே ஆறில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிட வேண்டும். கையில் நிற்காததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து, பங்குச்சந்தையா கடனா? கடன்தான். பல கல்விக் கடன்களில் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், வட்டிக்கு வட்டி சேரும் தொகை எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 9 சதவீதம் என்றால் 8 ஆண்டு. 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பசியோலி அச்சிட்ட நூலிலேயே இந்த விதி இருக்கிறது. அவரும் இளவயதில் வெனிஸில் ஒரு வணிகரின் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தானும் படித்தவர். உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், சதவீதப் பாடம் சட்டென்று பிடிபடும். 9 சதவீதக் கடனில் கட்டும் பணம் உங்களுக்கு 9 சதவீதத்தை உறுதியாக மிச்சப்படுத்துகிறது. பங்குகள் அந்த உறுதியைத் தராது.

இரண்டு மாதச் செலவுக்குக் கையில் சேர்ந்த பிறகு, மாதாமாதம் ஏறும் வட்டியையாவது கட்டிவிடுங்கள். கட்டும் முன் வங்கியில் இரண்டு விஷயம் கேளுங்கள்: முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா, கட்டுவது வட்டியில் கழியுமா அசலில் கழியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.