வலிப்பு வரும் பிள்ளையைப் பள்ளியில் பார்த்துக்கொள்பவர்களுக்கு என்ன உதவி வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் ஆசிரியை. வகுப்பில் ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வருகிறது, பள்ளியில் எல்லாருக்கும் பயம், யாரிடம் என்ன உதவி கேட்கலாம் என்கிறார். அப்படிப்பட்ட ஒரு பையனின் அம்மா நான். ஊர் குடியாத்தம் பக்கம்.

என் மகனுக்குப் பள்ளியில் முதல்முறை வந்தது சத்துணவு நேரத்தில். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். அவனை மடியில் தாங்கியவர் சமையல் ஆயாம்மா. சாயங்காலம் போனபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "புள்ளைக்கு எதுனா ஆயிட்டா நாங்க இன்னா பதில் சொல்றது? பயமா கீதும்மா" என்றார். முதலில் தீர்க்க வேண்டியது அந்தப் பயத்தைத்தான்.

தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒருநாள் மதியம் போனேன். மகனையே பாயில் படுக்கவைத்து, டாக்டர் எனக்குச் சொல்லித்தந்ததைச் செய்துகாட்டினேன். ஒருக்களித்துத் திருப்பணும், தலைக்கடியில் துணி, சட்டை பட்டனைத் தளர்த்தணும். வாயில் எதுவும் வைக்கக் கூடாது, கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, இரும்பு வேண்டாம். பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானே நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. ஆயாம்மா திருப்பிப் பழகும்போது அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். அவருக்கு மணி பார்த்துப் பழக்கமில்லை. சமையற்கூடத்துக்குப் பெரிய எண் போட்ட கடிகாரம் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். பெரிய முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் 5 நிமிடம்.

வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை டாக்டர் எழுதியிருந்தால், அளவு குறித்த சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் பள்ளியில் இருக்கட்டும். அடிக்கும் முறையையும் நேரில் காட்டித்தரச் சொல்லுங்கள். இவை இல்லாமல் மருந்து கொடுக்கத் தயங்குவது நியாயம்தான்.

இன்னொன்று, கோபம். வலிப்புக்கான லெவெடிராசிட்டம் மாத்திரை தொடங்கிய பிறகு மகன் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தான், டிபன் பாக்ஸை வீசினான். 'அடங்காத பையன்' என்று டீச்சர் ஒதுக்கவில்லை. மூன்று வாரம் எந்த நேரத்தில் என்ன செய்தான் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவந்தார். டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்தார். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்தால் எரிச்சல் வரும் என்று சொல்லி மருந்தை மாற்றினார். (நாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கூடும்.) அந்த நாலு வரியை என்னால் எழுதியிருக்க முடியாது, பகலெல்லாம் அவன் பள்ளியில்தானே இருக்கிறான்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பள்ளி மருத்துவக் குழுவிடமும் செய்முறை காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு ஆயாம்மாவையும் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரரையும் கூப்பிடுங்கள். எங்கள் பள்ளியில் முதலில் அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. வலிப்பு வந்த அன்று, பார்த்துக்கொண்டவருக்குக் கொஞ்ச நேரம் உட்கார இடமும் ஒரு டம்ளர் டீயும் கொடுங்கள், வகுப்பை இன்னொருவர் பார்க்கட்டும்.

போன மாதம் மறுபடி வந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா சொன்னார்: "பெரிய முள்ளு ரெண்டு கோடுகூடத் தாண்டலம்மா."