நுண்ணுயிரை வாட்டாத அயனித் திரவம்: கேள்வி-பதில்

கேள்வி: அயனித் திரவத்தில், அதாவது குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் உப்பில், இமிடசோலியம் என்ற நைட்ரஜன் வளைய நேரயனியின் கார்பன் பக்கச்சங்கிலியைச் சுருக்கினால் பாக்டீரியாவுக்கு நச்சு குறையுமாம். அது மட்டும் போதுமா?
– முதுகலை மாணவி, கெலுகோர், பினாங்கு

பதில்: நச்சு நிச்சயம் குறையும். எண்ணெய்த்தன்மை கொண்ட அந்தச் சங்கிலிதான் செல் சவ்வுக்குள் செருகி அதைக் குலைக்கிறது. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் பாக்டீரியாவில் சோதித்தால், சங்கிலியில் இரண்டு கார்பன் கூடும்போது நச்சு பொதுவாகப் பத்து மடங்கு அளவில் ஏறுகிறது. ஆனால் குட்டைச் சங்கிலி இமிடசோலியம் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் கிடக்கும். நீளச் சங்கிலியை நுண்ணுயிர் நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வரும். குட்டையில் கடிக்க இடமில்லை. சுருக்குவதால் ஒரு தொல்லை போய் இன்னொன்று வருகிறது.

சங்கிலியில் ஈதர் அல்லது ஹைட்ராக்சில் தொகுதி சேர்த்தால் எண்ணெய்த்தன்மை குறையும். எஸ்டர் பிணைப்பு வைத்தால் நொதி வெட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர் என்றால், இமிடசோலியத்தை விட்டுவிட்டுக் உயிர்களிலேயே காணப்படும் கோலின் என்ற நேரயனியில் தொடங்குவதே நல்லது. எதிரயனியையும் கவனியுங்கள்: கோலினோடு ஃபுளோரின் நிறைந்த, சிதையாத எதிரயனியைச் சேர்த்துவிட்டுப் பசுமை என்று சொல்வது நியாயமில்லை. நச்சுச் சோதனையோடு நுண்ணுயிர் எளிதில் சிதைக்கிறதா என்று பார்க்கும் ஓஇசிடி 301 சோதனையையும் செய்யுங்கள். ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் முறையில் 28 நாளில் 60 விழுக்காடு சிதைவை எட்ட வேண்டும். அதுவும் 10 விழுக்காட்டைத் தொட்ட பிறகு பத்து நாளுக்குள்.

கேள்வி: கோலினும் கிளைசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்த கோலின் கிளைசினேட் செய்தோம். பழுப்பாகிவிட்டது, கருவாட்டு வாடை அடிக்கிறது. ஏன்?
– இறுதியாண்டு மாணவர், செராஸ்

பதில்: வாடை டிரைமெத்திலமீன். சூட்டில் மூலப்பொருளான கோலின் ஹைட்ராக்சைடு உடைந்திருக்கிறது, அல்லது புட்டியே பழையது. அதன் 46 விழுக்காட்டுக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். பயன்படுத்தும் அன்றே அமிலத்தால் தரம்பார்த்து (டைட்ரேஷன்) உண்மைச் செறிவைக் கண்டுபிடியுங்கள். 0.1 மோல் அளவுக்கு அந்தக் கரைசல் 26.3 கிராம், கிளைசின் 7.9 கிராம், அதாவது ஐந்து விழுக்காடு கூடுதல். கிளைசினை நீரில் கரைத்துப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நைட்ரஜன் சூழலில், வெளிச்சம் படாமல் ஒரு நாள் கலக்குங்கள். நீரை 50 டிகிரியைத் தாண்டாமல் வெற்றிடத்தில் ஆவியாக்குங்கள். பிறகு அசெட்டோநைட்ரைல் 9 பங்கு, மெத்தனால் 1 பங்கு கலந்து ஊற்றினால் மிச்சக் கிளைசின் வெள்ளையாகப் படியும். அதை வடிகட்டி, கரைப்பான்களையும் வெற்றிடத்தில் நீக்கி உலர்த்துங்கள்.

கேள்வி: அதே கோலின் கிளைசினேட் எங்கள் சோதனையில் ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நச்சு குறைவு என்றுதானே படித்தோம்?
– ஆய்வு உதவியாளர், பந்தாய் டாலாம்

பதில்: முதலில் சோதனைத் தட்டின் குழிகளில் பிஎச் (அமில-கார அளவு) பாருங்கள். இந்த உப்புகள் நல்ல காரம். முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்பு ஊடகத்துக்கு பிஎச் மாறாமல் தாங்கும் திறன் குறைவு என்பதால், செறிவு கூடிய குழிகளில் பிஎச் 9-ஐயும் தாண்டிவிடும். வளர்ச்சியை நிறுத்தியது காரமா அயனியா என்று அந்தத் தட்டை வைத்துச் சொல்லவே முடியாது. சோடியம் ஹைட்ராக்சைடால் அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்த, அயனித் திரவம் இல்லாத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 7.3-க்கு இறக்கினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கிளைசினேட்டின் அமீன் தொகுதிக்கு பிகேஏ (பாதி புரோட்டானேறி நிற்கும் பிஎச்) 10-ஐ ஒட்டி இருப்பதால் 7.3-இல் அது புரோட்டானை ஏற்றுச் சாதாரணக் கிளைசினாகிவிடும். அப்போது குழியில் இருப்பது கோலின் குளோரைடும் கிளைசினும்தான். அங்கே கிடைக்கும் இனிமையான எண் உங்கள் புட்டியிலுள்ள திரவத்துக்கு உரியதல்ல. இரண்டு முறையிலும் சோதித்து, இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இத்திரவங்கள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே நீரை இழுக்கும். கார்ல் ஃபிஷர் முறையில் நீரளவைக் கண்டு எடையைத் திருத்துங்கள். செறிவை மில்லிமோலில் ஒப்பிடுங்கள். மில்லிகிராமில் ஒப்பிட்டால் கனமான மூலக்கூறு சாதுவாகத் தெரியும். கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (நீராவிச் சூடு) வேண்டாம், நீர்க்கச் செய்த பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள், கெட்டியாக விட்டால் அடைத்துக்கொள்ளும். பாக்டீரியாவை மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல் இட்டு, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வளரவிடுங்கள். ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு ஒரு கவசம். அதனால் அந்தக் கவசம் இல்லாத, ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியா ஒன்றையும் ஓர் ஈஸ்டையும் சேர்க்காமல் 'நச்சு குறைவு' என்று எழுதாதீர்கள்.

கேள்வி: செம்பனை வெற்றுக் குலையை அயனித் திரவத்தில் ஊறவைத்து, சர்க்கரையாக்கி, நொதிக்க வைக்கிறோம். ஈஸ்ட் மந்தமாகிறது.
– தொழில்நுட்பர், பிறை

பதில்: நாரில் தங்கிய திரவம்தான் காரணமாக இருக்கும். எத்தில்மெத்தில்இமிடசோலியம் அசெட்டேட் என்றால் நேரயனி, அசெட்டேட் இரண்டுமே ஈஸ்டை அடக்கும். கழுவுநீரின் மின்கடத்துதிறன் இறங்கி ஒரே அளவில் நிற்கும்வரை வெந்நீரில் கழுவுங்கள். கோலின் லைசினேட்டுக்கு மாறினால் ஈஸ்டுக்குச் சுமை குறையும், நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும் நன்றாகப் பிரியும். ஆனால் அது காரம்: நாரைச் சர்க்கரையாக்கும் செல்லுலேஸ் நொதியைச் சேர்க்குமுன் பிஎச்சை 5-க்குக் கொண்டுவராவிட்டால் நொதி செயலிழந்துவிடும்.

கேள்வி: நச்சு குறைந்தது என்று உறுதியானால் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றலாமா?
– ஆய்வுக்கூட உதவியாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கூடாது. அயனித் திரவத்தின் ஆவியாகாத குணம் காற்றைத்தான் காக்கிறது; நீரில் கரைந்து போகும் வழி திறந்தே இருக்கிறது. ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட், டெட்ராஃபுளோரோபோரேட் எதிரயனி வகையென்றால் நீர்பட்டு ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும், கண்ணாடியை அரிக்கும். அவற்றை பிளாஸ்டிக் கலனில் தனியாக வையுங்கள். மற்றவற்றையும் பெயர், தேதி எழுதி, மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைப்படி ஒப்படையுங்கள். 180 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது.