அது சுறா இல்லை, கைமீரா (கொல்லம் மீன் படத்துக்குப் பதில்)

வணக்கம் அண்ணே. கொல்லத்தில் இருந்து ஆழ்கடல் இறால் பிடிக்கப் போன படகில், 300 மீட்டர் ஆழத்தில் வலையில் ஏறிய "மூக்கு நீண்ட சுறா" என்னன்னு கேட்டிருந்தீங்க. உங்க முதல் படத்துலயே பதில் இருக்கு. சுறாவுக்குப் பக்கத்துக்கு அஞ்சு செவுள் பிளவாவது தெரியும். இதுக்கு மூடி போட்ட ஒரே ஒரு திறப்புதான். தோலும் வழவழன்னு இருக்கு. சுறாவுக்குச் சொந்தம்தான், ஆனா கைமீரா என்ற தனிக் கூட்டம்.

நீண்ட கூர்மூக்கு இருக்கறதால நீள்மூக்குக் கைமீரா குடும்பம். அதுல மூணு பேரினம் (நெருங்கிய இனங்களோட தொகுப்பு) உண்டு: ஹாரியோட்டா, ரைனோகைமீரா, நியோஹாரியோட்டா. மூக்கை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மீனைப் புரட்டி வால் பக்கம் அடியில பாருங்க. வாலோட ஒட்டாம, நடுவுல ஆழமான வெட்டு விழுந்து தனியா ஒரு குதத்துடுப்பு (மலத்துளைக்குப் பின்னாடி இருக்கற அடித்துடுப்பு) நின்னா நியோஹாரியோட்டா. மத்த ரெண்டுக்கும் அது கிடையாது. கேரளக் கடல்ல நியோஹாரியோட்டா பின்னேட்டா என்ற இனம் கிடைக்கறது உறுதியான பதிவு, அதனால என் ஊகமும் அதுதான். உங்க படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை, அதான் உறுதியா சொல்ல முடியல.

முதல் முதுகுத் துடுப்புக்கு முன்னாடி இருக்கற முள்ளுல நஞ்சு உண்டு, கையுறை இல்லாம தொடாதீங்க. வெட்டாம ஐஸ்ல வச்சு, பக்கத்துல அளவுகோல் வச்சு அடிப்பக்கப் படம் ஒண்ணு போடுங்க. விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையம் இருக்கு, அங்கயும் காட்டலாம்.