தின்னர் வாசத்தைப் புடிச்சு திரும்ப எடுக்க ஏலுமா?

கேள்வி: என்ட அவர் கிராண்ட்பாஸ் பக்கம் பிஸ்கட் பக்கெட் பிரிண்ட் பண்ற பிரஸ் ஒண்டுல வேலை. வீட்டுக்கு வந்தா உடுப்பெல்லாம் தின்னர் வாசம், தலையிடி வேற. முதலாளி பெரிய பேன் ஒண்டு பூட்டியிருக்கார், அது பக்கத்து வீடுகளுக்குத்தான் அடிக்குது. இதைப் புடிச்சு திரும்ப எடுக்கலாம் எண்டு சொல்றாங்களே, உண்மையா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான் தங்கச்சி. மை காஞ்ச பக்கெட்ல தின்னர் நிக்கிறதில்ல, அப்ப மாசம் வாங்கின பீப்பா எல்லாம் கிட்டத்தட்ட முழுசா அந்த பேன் வழியாத்தான் போகுது, முதலாளிட காசும் அதோடதான்.

புடிக்கிறது நம்ம தேங்காய்ச் சிரட்டைக் கரிதான், அடுப்புக் கரி இல்ல, சூட்டுல நீராவி விட்டு கண்ணுக்குத் தெரியாத துளை துளையா ஆக்கினது, ஒரு கிராமுக்குள்ளயே 1000 சதுர மீற்றர் அளவுக்கு பரப்பு இருக்கும். வாசக் காத்தை கரி டேங்க்குக்குள்ளால விட்டா தின்னர் அதுல ஒட்டிக்கும். அது நிரம்பினதும் காத்தை ரெண்டாவது டேங்க்குக்கு மாத்திட்டு, முதலாவதுக்கு ஸ்டீம் குடுத்தா தின்னர் கழண்டு வரும், ரெண்டையும் சேர்த்து குளிராக்கினா, தின்னர் டொலுயீன் எண்ட வகையா இருந்தா தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதக்கும், அப்பிடியே வடிச்சு எடுக்கலாம். எதைல் அசற்றேற் எண்ட வேற வகைத் தின்னர் எண்டா கொஞ்சம் தண்ணியோட கலந்துடும், திரும்பக் காய்ச்சி வடிக்கணும், அதனால பெரிய இடங்கள்ல ஸ்டீமுக்குப் பதிலா சூடான நைதரசன் பாவிக்கிறாங்க.

கொழும்புக் காத்துல ஈரம் கூட. ஈரப்பதன் 60 வீதம் தாண்டினா கரி தண்ணியையும் குடிக்கும், 40 பாகைக்கு மேல சூடா வந்தாலும் சரியாப் புடிக்காது. தின்னர்ல எம்.ஈ.கே. (மெதைல் எதைல் கீற்றோன்) மாதிரி கீற்றோன் வகை இருந்தா ரொம்பக் கவனம், அது கரிக்குள்ளயே சூடாகி, முக்கியமா பேன் நிண்ட நேரத்துல, நெருப்புப் புடிச்ச சம்பவங்கள் உலகத்துல நடந்திருக்கு. தெரியாதவங்க கைவைக்கிற வேலை இல்ல.

சின்ன பிரஸ்ஸுக்கு இந்த மெஷின் செலவு தாங்காது, ஆனா மை தட்டுக்கு மூடி போடலாம், துடைச்ச துணிகளை திறந்த வாளியில போடாம மூடுற தகர டின்ல போடலாம், வாசம் கிளம்புற இடத்துக்குக் கிட்டவே உறிஞ்சுற ஹூட் வைக்கலாம். துணி மாஸ்க் இந்த வாசத்தை தடுக்கவே தடுக்காது, கரி காட்ரிஜ் உள்ள மாஸ்க்தான் வேணும், அதையும் நேரத்துக்கு மாத்தணும். தலையிடிக்கு பனடோல் போட்டுட்டு விடாதீங்க, டொக்டர்ட்ட போனா என்ன வேலை எண்டதையும் சொல்லச் சொல்லுங்க.

பீப்பா லேபிள்ல என்ன பேர் இருக்கு எண்டு அவர்ட்ட கேட்டு எழுதுங்க, அது தெரிஞ்சாத்தான் மிச்சம் சொல்லலாம்.