முன் அறையில தையல் கடை, வரி ஏறுமா?

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில அம்மா தந்த வீடு, முன் அறையில ரெண்டு மெஷின் போட்டு சாரி பிளவுஸ் தைக்கிறன், போன கிழமை ஒருத்தர் வந்து டேப் பிடிச்சு அளந்திட்டுப் போனவர், வரி கூடுமோ, கடையை மூடோணுமோ எண்டு பயமா இருக்கு.
– வாசகி, கொழும்பு 6

பதில்: மூடாதீங்க தங்கச்சி. வீடு, கடைகளுக்கு மாநகர சபை எடுக்கிற மதிப்பீட்டு வரி உங்கட வருமானத்தில போடுறதில்ல, அந்த இடத்தை வாடகைக்கு விட்டா வருசத்துக்கு எவ்வளவு வரும் எண்டு கணிச்சு, அந்த ஆண்டுப் பெறுமதியில ஒரு வீதம்தான் எடுக்கிறது, அதால ஒரு மாசம் ஓடரே வராட்டியும் வரி குறையாது, சின்னக் கடைக்காரருக்கு வலிக்கிறது இதுதான். கடைக்கு வீதம் வீட்டை விடக் கூட. ஆனா ஒரு அறைக்காக முழு வீட்டையும் கடை எண்டு போட்டா விடாதீங்க, சபை அனுப்புற மதிப்பீட்டு நோட்டீஸில இருக்கிற திகதிக்குள்ள எழுத்தில ஆட்சேபணை குடுங்க, எந்த அறை, எத்தனை அடி எண்டு கீறிக் காட்டுங்க, பிரதியில சீல் வாங்குங்க.

வருசத்துக்கு 4 தரம் கட்டலாம். முழுசையும் ஜனவரி 31க்குள்ள கட்டினா 10% கழிவு, காலாண்டின்ர முதல் மாசத்தில கட்டினா 5%. தைப்பொங்கல் தையல் காசு கைக்கு வந்த உடனே இதுக்கு ஒதுக்கி வைங்க.